எள்ளலும் நகையும்: ‘குக்கு வித் கோமாளி’ நிறைவு நாள் குறித்து ஒரு திறனாய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் நகையை முதலாவதாக வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களும் நான்கெனக் கூறினார். பிறரை இகழ்வதாகிய எள்ளல் ஒன்று. மழலைக்குரிய இளமை மற்றொன்று. அறியாமையாகிய பேதைமை மூன்றாவது. பிறர் கூறியதை ஆராயாமல் பற்றிக்கொள்ளும் மடன் நான்காவது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இவ்வளவுகோல் இன்றைய தொலைக்காட்சிக்கும் பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நம் துணிபு.

விஜய் தொலைக்காட்சியில் 2019 நவம்பரில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ என்னும் நிகழ்ச்சியை அறியாத தமிழ்க் குடும்பம் நம் எல்லைப் பகுதியில் அரிது. சமைக்கத் தெரிந்த ஒருவரோடு சமையலே தெரியாத கோமாளி ஒருவரை இணைத்துவிடுவர். கோமாளி உதவ வருகிறார், உதவியே இடையூறாகிறது, இடையூறே நகையாகிறது. சமையல் வல்லுநர்களான தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக அமர்ந்து சுவை பார்த்தனர். பல வேளைகளில் தீர்ப்பை மறந்து நம்மோடு சேர்ந்து சிரித்தனர். இதன் இரண்டாம் பருவம் 2021 ஏப்ரல் 14ஆம் நாள் நிறைவுற்றது. கனி முதலிடம் பெற்றார். ஷகீலா இரண்டாமிடம் பெற்றார். அஸ்வின் மூன்றாமிடம் பெற்றார்.

அந்நாள் நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. நம்மோடு வாழும் மலையாள மக்களுக்கு விஷுத் திருநாள். சித்தூர் வட்டத்து எல்லையூராகிய மீனாட்சிபுரத்தில் இவ்விரு விழாக்களும் அடுத்தடுத்த வாசல்களில் நிகழ்வது வழக்கம். ஆனால், அக்காலம் எத்தகையது என்பதை நாம் மறத்தலாகாது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால், நாள்தோறும் பொள்ளாச்சிக்குப் போய் வந்தவர்கள்கூட எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டை எதிர்பார்த்து நின்றனர். தாய்வீடு அக்கரையிலும் புகுந்தவீடு இக்கரையிலுமாகப் பிரிந்திருந்த குடும்பங்கள் எத்தனையோ! சீட்டின்றி எல்லையைக் கடந்து வந்தது தமிழ்ச் சிரிப்பு ஒன்றே எனலாம். பள்ளியிலே மலையாளம் பயிலும் நம் பிள்ளைகள் வீட்டுக் கூடத்திலே தமிழில் சிரித்தனர். ஆகவே, அந்நிகழ்ச்சி முடிந்தபோது நம்மவர் வருந்தியதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுதல் தகாது.

அவ்வருத்தம் யாரைக் குறித்தது? இதுவே ஆராயத்தக்க வினா. ‘காரக்குழம்பு கனி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட கனியின் வெற்றியை நாம் குறை கூறவில்லை. அவர் கைப்பக்குவம் அறிந்தவர்; பதறாமல் சமைத்தவர்; பட்டத்திற்குத் தகுதியானவர். ஆயினும், நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் நம் இல்லங்கள் தேடியது சமைத்தவரை அன்று. சமையலைக் கெடுத்தவரையே தேடின. புகழும் சிவாங்கியும் பாலாவும் மணிமேகலையும் இல்லாத சனி, ஞாயிறு மாலைகள் வெறிச்சோடின. போட்டியின் விதிப்படி பட்டம் சமைப்பவர்க்கே உரியது. கோமாளிக்கு அதில் இடமில்லை. நிறைவு நாளோ போட்டிக்குரிய நாள். அன்று அரங்கு முடிவை நோக்கியே விரைந்தது. நகைச்சுவைக்கு முதலிடம் இரண்டாமிடம் என்னும் வரிசை கிடையாது. வரிசை புகுந்த இடத்தில் விளையாட்டு சற்றே ஒதுங்கி நிற்கும். அந்நிறைவு நாளில் நாம் கண்ட குறை இதுவே.

இனி, அதன் பெருமையைக் கூற வேண்டும். அது ஷகீலா பெற்ற இடத்தில் உள்ளது. இரண்டாமிடத்தை நாம் குறிக்கவில்லை. நம் மனத்தில் அவர் பெற்ற இடத்தையே குறிக்கிறோம்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கின்னாரத்தும்பிகள்’ முதலான மலையாளப் படங்களால் அறியப்பட்டவர் அவர். கேரளத்துச் சுவரொட்டிகள் அவருக்கு ஒரே பொருளைத்தான் தந்திருந்தன. அவர் பெயரைச் சொன்னாலே ஆடவர் கூட்டத்தில் ஓர் ஏளனச் சிரிப்பு எழும்; பெண்டிர் முகம் திருப்பிக்கொள்வர். இருமொழி வழங்கும் இவ்வூரில் வாழும் நாம் அச்சிரிப்பை நன்கு அறிவோம். அது எள்ளல், எள்ளலிலும் கொடியது. அப்படங்களைக் காணத் திரண்டவர்களே அவரை இகழவும் செய்தனர் என்பது அதன் பொய்ம்மை.

அத்தகைய ஒருவர் அடுப்பின் முன் வந்து நின்றார். சமைத்தார், பிறரை அதட்டினார், சிரித்தார். கோமாளிகள் அவரை ‘அம்மா’ என்று அழைத்தனர். யாரும் அறிவுரை கூறவில்லை. யாரும் இரங்கற்சொல் பேசவில்லை. வாரந்தோறும் குறும்பு செய்யும் பிள்ளைகளும் அவர்களைக் கண்டிக்கும் தாயுமாக ஒரு குடும்பம் நம் கண்முன் உருவாயிற்று. நம் வீட்டுப் பாட்டிமாரும் அவரை அம்மா என்றே குறிப்பிடத் தொடங்கினர். பழைய எள்ளலை இந்நிகழ்ச்சி வாதத்தால் வெல்லவில்லை. இளமையாலும் பேதைமையாலும் வென்றது. அதாவது, நகையின் ஒரு நிலைக்களனை அதன் பிற நிலைக்களன்கள் வென்றன. இதனைச் செய்து முடித்தவர்கள் பட்டம் பெறாத கோமாளிகளே.

எள்ளலைப் பற்றி உரையாசிரியராகிய பேராசிரியர் நுட்பம் ஒன்று காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகுவதும் உண்டு. பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுவதும் உண்டு என்பது அவர் கருத்து. இரண்டாவதே கோமாளியின் அறம். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் அரசனையும் கேலி செய்வான், தன்னையும் விட்டுவைக்க மாட்டான். நம் பாலக்காட்டு மண்ணுக்கும் இது புதிதன்று. கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார், மிழாவு கொட்டும்போது கண்ணயர்ந்தமைக்காகச் சாக்கியாரால் எள்ளப்பட்டார் என்றும், அதன் விளைவாகவே துள்ளல் கலையைத் தோற்றுவித்தார் என்றும் வழிவழியாகச் சொல்வர். எள்ளப்பட்டவன் வசை பாடாமல் கலை படைத்தான் என்பது அக்கதையின் உட்பொருள்.

இவ்வளவு கூறியபின், குறையொன்றையும் கூறாது விடுதல் திறனாய்வாகாது. ஒருவரது உருவத்தையும் உடற்பருமனையும் பொருளாக்கிய துணுக்குகள் இந்நிகழ்ச்சியிலும் உண்டு. ஆடவர் பெண்வேடம் புனைந்ததையே நகைப்பொருளாக்கிய இடங்களும் உண்டு. ஓர் அம்மையாரைப் பழைய எள்ளலினின்று மீட்ட அரங்கு, வேறொருவரை அதே எள்ளலுக்கு ஆளாக்குதல் முரண் அன்றோ? நம் பிள்ளைகள் பள்ளியில் தம் தமிழ் வாடைக்காக எள்ளப்படும்போது துன்புறுகின்றனர். அவர்களுக்கு இவ்வேறுபாட்டை உணர்த்துதல் பெற்றோர் கடன்.

2023இல் ஒளிபரப்பான நான்காம் பருவத்தில் சிவாங்கி கோமாளி நிலையிலிருந்து மாறிச் சமைப்பவராகவே போட்டியிட்டார். அவர் திறமை உயர்ந்ததில் மகிழ்ச்சி உண்டு. எனினும், கோமாளி என்பது ஏறிக் கடக்க வேண்டிய கீழ்ப்படி என்று எவரேனும் எண்ணுவாராயின் அதனை நாம் ஏற்கமாட்டோம். கோப்பையைப் பெற்றவர் யார் என்பதைச் சில ஆண்டுகளில் பலரும் மறப்பர். ஒரு பெண்மணியின் பெயரைக் கேட்டதும் எழுந்த ஏளனச் சிரிப்பு, அன்புச் சிரிப்பாக மாறியதை மறத்தல் எளிதன்று. அம்மாற்றம் நம் எல்லையின் இரு பக்கத்து வீடுகளிலும் நிலைபெறுமாயின், அந்நகைச்சுவை தன் பணியை நிறைவாகச் செய்தது என்றே நாம் கொள்வோம்.