பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எந்நூல் தருவோம்?

நம் பெண்மக்கள் வாசிக்கத் தக்க நூல்கள் யாவை என்னும் வினா எழும்போதெல்லாம், நம்மவர் வாயினின்று முதற்கண் வெளிப்படுவது விலக்கத் தக்கவற்றின் பட்டியலேயாகும். காதற் கதை ஆகாது, பேய்க் கதை ஆகாது, திரைப்படச் செய்தி ஆகாது என்று தடுப்பதில் நாம் காட்டும் ஊக்கத்தில் காற்பங்கையேனும், நல்லதைத் தேர்ந்து கொடுப்பதில் காட்டினோமில்லை. கையிலிருந்த நூலைப் பறிகொடுத்து, அதற்கு ஈடாக வேறொன்றும் பெறாத பெண் வாசிப்பையே துறந்து விடுகிறாள். அவ்விடத்தைக் கைப்பேசி வந்து நிரப்புகிறது. பிறகு, பிள்ளை தமிழ் படிப்பதில்லையே என்று வருந்துகிறோம்.

பதின்மூன்று வயதை நாம் குறிப்பிட்டுச் சொல்வதற்குத் தக்க காரணம் உண்டு. மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாண்டுகளோடு முடிவுறுகிறது. அதன்பின் இடைநிலைப்பள்ளியிற் புகும் பெண்ணுக்குப் பாடங்கள் மலாய் மொழியில் அமைகின்றன. தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. தமிழ் வகுப்பு அமையாத பள்ளியில் அதுவும் இல்லை. சிங்கப்பூரிலோ தொடக்கப்பள்ளி முதற்கொண்டே தமிழ் ஒரு பாடமாக மட்டும் கற்பிக்கப்படுகிறது. ஆகவே, பெண்ணின் அறிவு விரியத் தொடங்கும் அதே ஆண்டில் அவளுடைய தமிழ் குறுகத் தொடங்குகிறது. சிங்கமும் நரியும் பேசும் சிறுவர் கதை அவளுக்குச் சலித்துப் போயிற்று; பெரியோர்க்கான நூலோ எட்டவில்லை. இந்த இடைவெளியில் நாம் நீட்டும் நூல் எதுவோ, அதுவே அவள் தமிழோடு வாழ்வாளா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

முன்னாளில் இவ்விடைவெளியை நிரப்பியவை பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களாம். தோட்டத்து லயங்களில் மாலை வேளையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட அக்கதைகளை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. எழுத்தறியாத மக்களுக்குத் தமிழின் ஓசையை ஊட்டியவை அவை. ஆயினும் அவை பெண்ணைப் பற்றி என்ன கற்பித்தன என்று ஆராயாமல் விடுதலும் கூடாது. நல்லதங்காள் பஞ்சத்தால் நொந்து அண்ணன் வீடு வருகிறாள், அண்ணியால் அவமதிக்கப்படுகிறாள், தன் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் எறிந்து தானும் வீழ்கிறாள். கேட்டோர் கண்ணீர் உகுத்தனர். உழைத்துப் பிழைக்க அவளுக்கு ஒரு வழி ஏன் இல்லாது போயிற்று என்று எவரும் கேட்டிலர். அல்லியரசாணி கதை இன்னும் நுட்பமானது. மதுரையைத் தனியே ஆண்ட வீரமகள் அவள். அவள் உறங்குகையில் அருச்சுனன் வஞ்சகமாகத் தாலி கட்டுகிறான். முடிவில் அவள் அவனுக்கே அடங்குகிறாள். பெண்ணின் ஆற்றலை வானளாவப் புகழ்ந்து, அதை அடக்கிக் காட்டுவதையே அக்கதை வெற்றியாகக் கொண்டாடுகிறது. இன்று விற்பனையாகும் குடும்ப நாவல்கள் பலவற்றிலும் இதே அல்லி, சேலைமாற்றிக் கொண்டு உலவுகிறாள். படித்தவள், வேலை பார்ப்பவள், வாய்த்துடுக்கு உள்ளவள் என்று அறிமுகமாகும் நாயகி, அதட்டி அடக்கும் ஆண்மகனிடம் தோற்பதே காதல் என்று அவை முடிகின்றன. இவற்றை ஒளித்து வைக்கச் சொல்லோம். இவற்றை எடைபோடும் கல்லை முன்னதாகவே பெண்ணின் கையில் கொடுத்து விடுங்கள் என்போம்.

அவ்வெடைக் கல்லாக நாம் முதலிற் கூறுவது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879இல் வெளிவந்த இந்நூலே தமிழின் முதல் நாவல் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் அதன் உயிர்நாடி பிரதாபன் அல்லன், ஞானாம்பாள் என்பதைச் சொல்வார் குறைவு. ஆண்வேடம் பூண்டு நாடாளும் அவள், கணவனினும் கூரிய அறிவுடையவளாகவே கதை முழுதும் விளங்குகிறாள். ஆசிரியர் பெண்கல்விக்காகத் தனியே நூல் செய்தவராதலின் இது தற்செயலாக நேர்ந்ததன்று. குறை இல்லையோ எனின், உண்டு. கிளைக்கதைகளும் நீதி உரைகளும் இடையிடையே வழிமறிக்கின்றன. கற்பு, பதிபக்தி பற்றிய அக்காலக் கருத்துகளும் நூலில் நிறைந்துள்ளன. எனினும் நகைச்சுவை நிரம்பிய நூலாதலின், வீட்டில் ஒருவர் உடனிருந்து பகுதி பகுதியாக வாசித்தால் பெண் அலுப்படையாள். அல்லியையும் ஞானாம்பாளையும் அருகருகே வைத்து, இருவரில் எவள் தன் அறிவைத் தானே ஆண்டாள் என்று கேட்டுப் பாருங்கள். பெண் விடை சொல்லத் தொடங்கிவிட்டால் இலக்கிய விமரிசனமும் தொடங்கிவிட்டது என்று கொள்க.

அடுத்தது அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' (1903). குழந்தை மணத்துக்கு ஆளாகி, இளமையிலேயே கைம்மை எய்திய ஒரு பெண், தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது இச்சிறு நாவல். மறுமணத்தை அச்சமின்றி ஆதரித்தமையால் அக்காலத்தில் இது துணிவான நூலாயிற்று. பெண்ணின் வாயில் ஆண் ஆசிரியரின் வாதம் சில இடங்களில் உரத்து ஒலிப்பது உண்மையே. ஆயினும், கிணற்றைத் தேடாமல் வாழ்வைத் தேடிய ஒரு பெண்ணை இது காட்டுகிறது. நல்லதங்காளுக்குத் தமிழ் உரைநடை அளித்த மறுமொழி என்றே இதனைக் கொள்ளலாம். நூல் சிறிதாகையால் ஓரிரு நாளில் படித்து முடிக்கலாம். முழுநூல் ஒன்றைப் படித்து முடித்தேன் என்னும் பெருமிதம் இவ்வயதில் பெரிய ஊக்கமாகும்.

கதையல்லாத நூலும் வேண்டும். 1930 அக்டோபர் 26இல், நைனிச் சிறையிலிருந்து, பதின்மூன்றாம் பிறந்தநாள் கொண்டாடும் தம் மகள் இந்திராவுக்கு ஜவஹர்லால் நேரு ஒரு கடிதம் எழுதினார். சிறையில் இருப்பவன் என்ன பரிசு அனுப்ப முடியும்? எண்ணங்களை அனுப்பினார். 1933 ஆகஸ்டு வரை தொடர்ந்த அக்கடிதங்களே உலக சரித்திரமாயின. நூலகத் துணை பெரிதும் இன்றி எழுதப்பட்டமையால், இன்றைய ஆராய்ச்சி திருத்தும் இடங்கள் அதில் உண்டு. இருந்தும், வயதிற் சிறியவள், பெண் என்று எண்ணிச் செய்தியைச் சுருக்காமல், எதிரில் அமர்ந்த அறிவுடையாளோடு பேசுவதுபோல் அவர் பேசுகிறார். அத்தொனியைப் பெற்றோர் கற்றுக்கொள்ளல் வேண்டும். நமக்கு மற்றொரு சிறப்பும் உண்டு: ஸ்ரீவிஜயத்தையும் மலாக்காவையும் பற்றி அவர் எழுதியிருக்கிறார். தான் பிறந்த மண்ணின் பழம்பெருமையை நம் பெண் அங்கே தமிழில் படிக்கலாம். நூல் பெரிது, ஆதலின் கடிதம் கடிதமாகத் தேர்ந்து கொடுக்க.

இன்னொரு பதின்மூன்று வயதும் நினைவுக்கு வருகிறது. 1942 ஜூன் 12, ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி தன் பிறந்தநாளன்று ஒரு நாட்குறிப்பேடு பெற்றாள். அடுத்த மாதமே குடும்பத்தோடு ஒளிந்து வாழ நேர்ந்தது. 1944 ஆகஸ்டில் பிடிபட்டாள். 1945இல், பதினைந்தே வயதில், நாஜிகளின் முகாமில் மாண்டாள். 1947இல் அக்குறிப்பை வெளியிட்ட தந்தை, தாயோடு அவள் பிணங்கிய பகுதிகளையும் பருவமடைதல் பற்றிய சில பகுதிகளையும் விலக்கியே வெளியிட்டார். பின்னாளில் அவை சேர்க்கப்பட்டன. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்ட இந்நூலை, தாயை எதிர்த்துப் பேசும் பெண்ணின் நூல் என்று அஞ்சி மறைக்க வேண்டா. உங்கள் மகள் மனத்தில் ஓடுவதும் அதுவே. அதை எழுதி ஆராயும் நேர்மையைத்தான் அந்நூல் கற்பிக்கிறது.

இனி நம் சொந்த நிலத்துக்கு வருவோம். ஆன் பிராங்க் ஒளிந்திருந்த அதே ஆண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரந் தமிழர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அக்கொடுமைக்குச் சான்று கூறுகின்றன. துயரம் மிகுந்தவையாதலின், ஈராண்டு பொறுத்துக் கொடுத்தல் நலம். ஆனால் கொடுக்காமல் விடுதல் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் நடந்ததற்குக் கண்ணீர் விடும் நம் பெண், தன் பாட்டனார் காலத்தில் நடந்ததை அறியாதிருப்பது கல்வியாகுமா? 1943இல் சிங்கப்பூரில், கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப்பெண்களும் சேர்ந்தனர். அப்பெண்களுள் ஒருத்தியின் கண்வழியே, இளம்பெண்கள் படிக்கத் தக்க அளவில், நல்ல தமிழில் எழுதப்பட்ட நாவல் ஒன்று ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் இருத்தல் வேண்டும். இங்குள்ள நம் எழுத்தாளர்க்கு இதனை ஒரு கடமையாகவே நினைவூட்டுகிறோம்.

நூல் தேர்வார்க்கு மூன்று வினாக்கள் போதும். நூலிலுள்ள பெண் தானே சிந்தித்து ஒரு முடிவேனும் செய்கிறாளா? அவள் அடங்கியதற்காக மட்டும் பரிசு பெறுகிறாளா? படித்து மூடியபின் கேட்பதற்கு ஒரு கேள்வியை அந்நூல் விட்டுச் செல்கிறதா? இவற்றுக்கு விடை காண, கொடுப்பவர் முதலில் அந்நூலைப் படித்திருத்தல் வேண்டும். அட்டையைப் பார்த்து வாங்குவதும், ஆசிரியர் பெயரைக் கேட்டு விலக்குவதும் தேர்வு ஆகா.

பெற்றோர்களே! மகளுக்குக் காது குத்தவும் பூப்பு நீராட்டு விழா நடத்தவும் கடன்பட்டேனும் செலவிடுகிறோம். அவ்விழாவின் பந்தற் செலவில் ஒரு சிறு பகுதி போதும், மேற்சொன்ன நூல்கள் யாவும் வீடு வந்து சேரும். தோட்டத்தில் இருப்போர் நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்கி மாற்றிக் கொள்ளலாம். நகரத்தார் பொது நூலகத்தில் தமிழ் நூல்களைக் கேட்டுப் பெறலாம், கேட்பார் இருந்தால்தான் நூலகமும் வாங்கும். மகளிடம் நூலைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, "அந்தப் பெண் செய்தது சரியா, அம்மா?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் விடை உங்கள் கருத்துக்கு மாறாக இருப்பின் சினவாதீர்கள். நீங்கள் தேர்ந்து கொடுத்த நூல் தன் வேலையைச் செய்திருக்கிறது.