சோற்றுக்கு ஆள் இருக்கிறது, ஆட்டத்துக்கு?

ரம்ஜான் மாதத்தில் மாலை அசர் தொழுகை முடிந்ததும் விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்தின் தெருக்களில் தூக்குவாளிகள் நடமாடத் தொடங்கும். பள்ளிவாசலில் கொதித்து இறங்கிய நோன்புக் கஞ்சியை வாங்கிப்போகப் பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், வசதிப்பட்டால் கொத்துக்கறியும் சேரும். வாளியை நீட்டியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் விசாரிப்பதில்லை. ஊர் கூடிப் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் பிறை தெரிந்ததும் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். குழந்தைகள் நலம் பற்றிய எந்த முயற்சியைப் பார்த்தாலும் எனக்கு அதனால்தான் ஒரே கேள்வி எழுகிறது: மாதம் முடிந்த மறுநாள் அடுப்பு மூட்டுவது யார்?

சோறு விஷயத்தில் தமிழ்நாடு இதற்கு நூறு ஆண்டுகளாகப் பதில் தேடி வந்திருக்கிறது. 1920-இல் தியாகராய செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு போடத் தீர்மானித்தது. கோட்டக்குப்பத்துக்குத் தெற்கே எல்லையைத் தாண்டினால் வரும் புதுச்சேரியில், பிரெஞ்சு நிர்வாகம் 1930-இலேயே பள்ளிகளில் மதிய உணவு தந்தது. 1956-இல் காமராஜர் தொடங்கிய திட்டம் ஊர் மக்களின் நன்கொடையையும் பெரிதாக நம்பியது. கொடுக்கும் கை சுருங்கினால் உலையும் சுருங்கும் என்பது அதன் பலவீனம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் மாற்றிய முக்கியமான விஷயம், என் கணக்கில், உணவின் அளவைவிட ஆள்தான். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பள்ளிக்குப் பள்ளி சம்பளத்தோடு ஆட்கள் வந்தார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை இருந்தது. சோறு வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தாய்க்குத் தெரிந்தது. ஆட்சிகள் மாறியும் அடுப்பு அணையாததற்கு இதுவே காரணம்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டமும் இதே வழியில் வந்ததுதான். சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. தன் பிள்ளை தின்னும் கிச்சடியில் யாரும் தண்ணீரைக் கூட்டமாட்டார்கள். ஆயிரம் ஆய்வாளர்கள் செய்ய முடியாத கண்காணிப்பு இது. அதே விதியில் ஓர் ஓட்டையும் உண்டு. பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும், கைப்பக்குவம் வந்துவிட்ட அந்தத் தாயும் வெளியேற வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கும் ஆறாம் வகுப்பு முதல் காலை உணவு கிடையாது, மதியச் சத்துணவு மட்டும்தான். ஆறாம் வகுப்பில் பசி எங்கே போய்விடுகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வயிறு நிரம்பினால் போதுமா? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால் தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2015-16-இல் 27.1 சதவீதம்; 2019-21-இல் 25. இறங்கியிருக்கிறது, ஆனால் ஆமை வேகம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலானவர்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 50.7-இலிருந்து 57.4 சதவீதமாக ஏறியிருக்கிறார்கள். இதற்குப் பள்ளி அடுப்பைக் குறை சொல்ல முடியாது, இவர்கள் பள்ளிக்கு வராத வயதினர். ஆனாலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் நம் தட்டின் பெரும்பகுதி தானியம்தான். கோட்டக்குப்பத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களில் நெத்திலியும் காரப்பொடியும் முள்ளோடு தின்னக் கிடைக்கின்றன. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் கரையிலேயே வந்து இறங்குகின்றன, ஆனால் மாநிலம் முழுக்க ஒரே பட்டியல் என்பதால் பள்ளித் தட்டில் அவற்றுக்கு இடமில்லை. கெட்டுப்போகும், முள் குத்தும், எல்லாரும் சாப்பிடமாட்டார்கள் என்ற தயக்கங்கள் நியாயமானவைதான். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் தர வழி கண்ட நிர்வாகத்துக்குக் கருவாட்டுப் பொடிக்கு ஒரு வழி காண்பது அவ்வளவு கடினமா என்ன!

இனி விளையாட்டு. உணவில் நாம் கட்டிய அத்தனையும் இங்கே காணாமல் போகிறது. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் வியர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கி, திருப்பித் தராமலே ஆண்டை முடிப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சரி, கடற்கரை இருக்கிறதே என்றால், எண்பதுகளில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, இந்தப் பக்கத்துக் குப்பங்களின் கரை அரிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. எஞ்சிய இடம் படகுக்கும் வலைக்குமே பற்றவில்லை. மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. அதைக் கடந்து விளையாடப் போகச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. மிச்சமிருக்கும் திடலிலும் பையன்களின் கிரிக்கெட்தான். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. எந்தச் சாதி, எந்த மதத்து வீடானாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பிரெஞ்சுக்காரர்களை அண்டை வீட்டாராகக் கொண்டிருந்த ஊர் என்பதால் அவர்கள் நாட்டிலிருந்தே ஒரு செய்தி. வட பிரான்சில் ஃப்ளெர்பே, லாவென்டி என்ற இரண்டு சிற்றூர்களில் 1992-இல் பள்ளிகளில் ஊட்டச்சத்துப் பாடம் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் பாடம் நடந்தும் பிள்ளைகளின் எடை ஏறிக்கொண்டேதான் இருந்தது. பிறகு ஊராட்சியே இறங்கி, உணவியலாளர்களையும் விளையாட்டுப் பயிற்றுநர்களையும் வேலைக்கு வைத்து, மைதான வசதிகளைப் பெருக்கியது. 2004-இல் அங்கே அதிக எடையுள்ள பிள்ளைகள் 8.8 சதவீதம், ஒப்பிடப்பட்ட வேறு ஊர்களில் 17.8. இரண்டு ஊரைக் கொண்டு உலகத்துக்கே தீர்ப்பெழுத முடியாது என்பது உண்மை. இதைப் பின்பற்றிப் பிரான்சில் பரவிய திட்டத்துக்கு நெஸ்லே போன்ற நிறுவனங்களின் பணம் வந்ததும் பெரிய உறுத்தல். இனிப்பு விற்பவர் எடைக்குறைப்புக்குப் பணம் கட்டினால் எதைப் பேசாமல் விடுவார்கள் என்று ஊகிக்கலாம். ஆனாலும் பாடம் சாதிக்காததை ஆள் சாதித்தது கவனிக்க வேண்டியது. செப்டம்பர்தோறும் ஊட்டச்சத்து மாதம் என்று கோலம் போட்டு, தட்டில் கீரையை அடுக்கிப் படம் எடுத்து முடித்துக்கொள்ளும் நமக்கு இது நேராகப் பொருந்தும்.

இப்படி ஆள் வைப்பதற்கான அச்சு நம்மிடமே இருக்கிறது, அதுவும் இதே விழுப்புரம் மாவட்டத்தில். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியது. தெருவிலேயே இருக்கும் ஒரு தன்னார்வலர், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒன்றரை மணி நேரம். எழுத்தும் கணக்கும் சொல்லித்தர வந்தவர்களில் பலர் பெண்கள் என்பதால் பெண்பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் தயங்கவில்லை. தொகை குறைவு, அதை நம்பி யாரும் நெடுநாள் நிற்கமாட்டார்கள் என்பதும் தெரிந்ததே. 2021-இல் நகராட்சியாக உயர்ந்த கோட்டக்குப்பம், வார்டுக்கு ஒரு பெண்ணை இப்படி மாலை விளையாட்டுக்கு நியமிக்கலாம், கௌரவமான சம்பளத்தோடு. முதல் செலவாக ஒரு ஸ்கிப்பிங் கயிற்றுக் கட்டும், பள்ளி மைதானத்துச் சாவியின் இன்னொரு பிரதியும் போதும். நாலரை மணிக்குப் பூட்டிய கேட்டுக்கு உள்ளே மைதானம் காலியாகக் கிடக்கிறது, வெளியே பிள்ளைகள் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.