கடலில் ஓர் அறுவடை

புகைப்படங்களை விமரிசனம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். காமிராவைத் தொட்டுப் பழக்கமில்லாதவன் நான். ஆனால் கதை எழுதுகிறவனும் புகைப்படக்காரரும் ஒருவகையில் பங்காளிகள். பிறர் பாடுபடுவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, அதை நாலு பேருக்குக் காட்டிப் பெயர் வாங்குவதுதான் இருவருக்கும் பிழைப்பு. அந்த உறவின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

செபஸ்தியாவோ சல்காடோ 1944-ல் பிரேஸிலில் பிறந்தவர். 2025-ல் பாரிஸில் காலமானார். பொருளாதாரம் படித்து, காப்பி வர்த்தகம் சம்பந்தமான ஒரு சர்வதேச ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்து, முப்பது வயதை நெருங்கும்போது அதை உதறிவிட்டுக் காமிராவைக் கையில் எடுத்தவர். 'தொழிலாளர்கள்' என்ற அவருடைய பெரிய புத்தகம் 1993-ல் வெளிவந்தது. இயந்திர யுகத்தின் தொல்லியல் என்று அதற்குத் துணைத் தலைப்பு. கைகளால் செய்யும் வேலைகள் உலகத்தை விட்டுப் போவதற்குள் அவற்றைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிகிறது. பிரேஸிலின் தங்கச் சுரங்கமும், நம் தன்பாத் நிலக்கரிச் சுரங்கமும், பங்களாதேஷில் கப்பல் உடைப்பதும் அதில் இருக்கின்றன. இவற்றோடு, 1991-ல் ஸிஸிலித் தீவில் ட்ராபானிப் பக்கம் அவர் எடுத்த சூரை மீன் வேட்டைப் படங்களும் உண்டு. நான் பேச வந்தது அந்தப் படங்களைப் பற்றித்தான்.

இத்தாலியர்கள் அந்த வேட்டையை 'மத்தான்ஸா' என்கிறார்கள். கொல்லுதல் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். வசந்த காலத்தில் கடலுக்குள் நங்கூரமிட்டு வலையால் ஒரு வீடே கட்டுவார்கள். அதற்குப் பல அறைகள். முட்டையிட வரும் பெரிய சூரை மீன்கள் வலைச் சுவரில் முட்டி, வழி தேடி, அறை அறையாக உள்ளே போகும். கடைசி அறைக்கு மட்டும்தான் வலையாலான தரை உண்டு. அதற்குப் பெயர் மரண அறை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து நாள் குறிப்பவர் 'ராயீஸ்' என்ற தலைவர். அரபு மொழியிலிருந்து அங்கே தங்கிவிட்ட சொல் அது. குறித்த நாளில் படகுகள் சதுரமாகச் சூழ்ந்து நிற்க, ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே அந்தத் தரையைக் கையால் மேலே இழுப்பார்கள். நம் கடற்கரையில் அம்பாப் பாட்டு என்பார்களே, அந்த இனத்துப் பாட்டு. மீன்கள் மேலே வந்ததும் கொக்கிக் கழிகளால் குத்தி, பலர் சேர்ந்து ஒவ்வொன்றாகப் படகில் ஏற்றுவார்கள். கடல் சிவந்துவிடும்.

சல்காடோவின் படங்களில் கடல் சிவக்கவில்லை. அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். வளைந்த முதுகுகள், முறுக்கேறிய கைகள், நுரைத்துக் கொந்தளிக்கும் தண்ணீர் எல்லாம் கோயில் தூணில் செதுக்கினாற்போல் இருக்கின்றன. முதல் முறை பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனை அழகு கூடாது என்று அவரைக் குறை சொன்னவர்கள் பலர். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், அகதிகளையும் ஊர் விட்டுப் போனவர்களையும் அவர் எடுத்த படங்களைப் பற்றி 2003-ல் எழுதியபோது, அந்த மனிதர்களுக்குப் படக்குறிப்பில் பெயர் தரப்படவில்லை என்று சுட்டிக் காட்டினார். அழகு கூடாது என்ற கட்சியில் நான் சேரமாட்டேன். பாடுபடுகிறவனை அழகாகக் காட்டினால் அவனுக்கு என்ன நஷ்டம்? என் மனக்குறை வேறு.

புத்தகத்தை மூடிய பிறகு மனசில் நிற்பது வேட்டையின் உச்சம் ஒன்றுதான். வலை வீடு கட்டியதும், மீன் வருமா வராதா என்று வாரக்கணக்கில் காத்திருந்ததும் நிற்பதில்லை. மீன் யாருடையது, ஆளுக்கு என்ன கூலி, எந்தச் சந்தைக்குப் போயிற்று என்பதும் நிற்பதில்லை. நல்ல மீன் ஐஸில் படுத்து ஜப்பானுக்கு விமானம் ஏறிய காலம் அது. ஆனால் படத்தைப் பார்த்தால் ஹோமர் காலத்திலிருந்து ஒன்றுமே மாறவில்லை போல் தோன்றுகிறது. அந்தப் புத்தகத்தில் படங்களுக்கான விளக்கங்களைத் தனியே ஒரு சிறு நூலாக வைத்திருக்கிறார்கள். படங்களை மடியில் வைத்துக்கொள்கிறோம். சிறு நூல் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

இதே வேட்டையை 1955-ல் விட்டோரியோ டி செட்டா என்ற பலெர்மோக்காரர் பத்து நிமிஷ வர்ணப் படமாக எடுத்திருக்கிறார். 'கடலின் உழவர்கள்' என்று பெயர். வர்ணனைக் குரல் இல்லை; கடலின் ஓசையும் ஆட்களின் பாட்டும்தான். அதிலும் கூலிக் கணக்கு இல்லை, பெயர்களும் இல்லை. ஆனால் காத்திருப்பு இருக்கிறது. அந்தக் காத்திருப்பைப் பார்த்த பிறகு ரத்தத்தைப் பார்க்கும்போது, இது ஒரு வருஷத்துச் சாப்பாடு என்று தெரிந்துவிடுகிறது.

இதைச் சொல்ல எனக்கு வாயில்லை என்பதும் உண்மை. என் நாவல் ஒன்றில் ஓர் அறுவடை அத்தியாயம் உண்டு. அரிவாள் மின்னுவதையும் கதிர் சாய்வதையும் மிக அனுபவித்து எழுதியிருந்தேன். பலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். ஒரு வாசகர் மட்டும், "அறுத்தவர்களுக்கு எத்தனை மரக்கால் நெல் அளந்தார்கள் என்று எழுத மறந்துவிட்டீர்களே, ஸார்?" என்று கேட்டிருந்தார். நான் மறக்கவில்லை, எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

ட்ராபானிக்கு எதிரே உள்ள ஃபவிஞ்ஞானாத் தீவில் கடைசி மத்தான்ஸா 2007-ல் நடந்தது. கரைக்கு வருமுன்பே மீன்களை நடுக்கடலில் சுருக்குமடி வலை போட்டுப் பெரிய கப்பல்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. மீன் பதனிட்ட ஆலை இப்போது மியூசியமாக இருக்கிறது. பிற்பாடு கட்டுப்பாடுகள் வந்து சூரை பெருகிற்று; 2021-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அபாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஃபவிஞ்ஞானாவில் பாடி வலை இழுத்தவர்களின் தொழில் மட்டும் திரும்பி வரவில்லை. சல்காடோ அவசரப்பட்டது வீண்போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் அலமாரியிலிருந்து அந்தச் சிறு நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கட்டும். நானும் அந்த வாசகருக்குப் பதில் எழுதிவிடுகிறேன்.