மாட்டின் பல்லும் கீழடி எலும்புகளும்

பல்லைக் கொண்டு வயது கணித்தல் என்பது, அகழாய்வில் கிடைக்கும் தாடைகளை ஆராய்ந்து கால்நடைகள் எந்த வயதில் இறந்தன என மதிப்பிடும் முறையாகும். ஓர் ஊரார் மாடுகளைப் பாலுக்கு வளர்த்தார்களா, இறைச்சிக்கா, ஏருக்கா என்பதை அறிய இது உதவுகிறது. கீழடி எலும்புகள் பற்றிய பேச்சில் இந்தப் படி விடுபட்டுவிட்டது.

முறை

மாட்டின் கீழ்த்தாடையில் 8 முன்பற்கள் உண்டு. மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. பால்பற்கள் இணை இணையாக விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். ஏறத்தாழ 2 வயதில் இரண்டு பல், பின் நாலு பல், ஆறு பல் என வளர்ந்து, 4 முதல் 5 வயதுக்குள் கடை சேர்ந்துவிடும். மாடு வாங்கும் உழவர் பார்ப்பது இதைத்தான்.

புதைந்த தாடையிலிருந்து முன்பற்கள் எளிதில் கழன்றுவிடும். எனவே தொல்லியலாளர்கள் கடைவாய்ப்பற்களின் முளைப்பையும் தேய்மானத்தையும் பார்க்கின்றனர். தேய்மானத்தைப் படிநிலைகளாகப் பிரித்து ஆனி கிராண்ட் 1982-இல் வெளியிட்ட முறை பரவலாகப் பயன்படுகிறது.

கீழடி

தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி நூலின்படி, 70 எலும்புத் துண்டுகள் புனே டெக்கான் கல்லூரியில் ஆராயப்பட்டன. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றுடன் காட்டுப்பன்றி, மயில் முதலியவையும் அடையாளம் காணப்பட்டன. கால்நடைகள் வேளாண்மைக்குத் துணையாக இருந்தன என்ற கருத்து இதிலிருந்து பரவியது.

இந்தக் கருத்து உண்மையாக இருக்கலாம். ஆனால் விலங்கினப் பட்டியல் அதை நிறுவாது. மாடு இருந்தது என்பது வேறு, அது ஏர் இழுத்தது என்பது வேறு. இறைச்சிக்கு வளர்த்த மாடுகளில் பெரும்பாலானவை வளர்ந்து முடியும் வயதிலேயே கொல்லப்பட்டிருக்கும். உழவு மாடுகளோ பற்கள் நன்கு தேய்ந்த முதிய வயதில் இறந்திருக்கும். இந்த வேறுபாட்டைத் தாடைகளே காட்டும்.

வரம்புகள்

பல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கன்றுகளின் மெல்லிய தாடைகள் மண்ணில் எளிதில் அழிந்துவிடும். எஞ்சிய முதிய தாடைகளை மட்டும் எண்ணினால், எந்த ஊரும் உழவர் ஊராகவே தோன்றும். மணல் கலந்த மேய்ச்சல் பல்லை விரைவில் தேய்க்கும். பால் மந்தையில் ஆண் கன்றுகளை இளமையிலேயே கொன்றிருப்பர் என்ற ஐரோப்பிய எதிர்பார்ப்பும் இங்கு அப்படியே பொருந்தாது. நம் நாட்டுப் பசுக்கள் பொதுவாகக் கன்று முட்டாமல் பால் சுரப்பதில்லை. கன்றைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

மதிப்பீடு

தேவைப்படுவது இரண்டு. ஒன்று, அகழாய்வு அறிக்கைகள் விலங்கினத்தோடு தாடைகளின் எண்ணிக்கையையும் வயதுப் பிரிவையும் தர வேண்டும். மற்றொன்று, வயது தெரிந்த நாட்டு மாடுகளின் பல் தேய்மானத்தைப் பதிவு செய்து ஒப்பீட்டுத் தொகுப்பு உருவாக்க வேண்டும். கீழடி அமைந்த சிவகங்கை மாவட்டத்திலேயே புலிக்குளம் மாடுகள் இன்றும் கிடைபோட்டு மேய்க்கப்படுகின்றன. அங்கிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.