மீன் காட்டும் பெட்டி, மீன் கூட்டும் விளக்கு

இரண்டையும் ஒன்றாகவே விற்கிறார்கள். இணையக் கடையில் சோனார் கருவியைத் தேடினால் அதன் கீழேயே பச்சை வெளிச்சம் வீசும் நீரடி விளக்கும் வந்து நிற்கும். மன்னார் வளைகுடாவில் ஃபைபர் படகில் தூண்டிலோ வலையோ கொண்டு போகிறவர் கேட்டால் என் பதில் இதுதான்: முதலாவதைப் பார்த்து வாங்குங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள்.

மணப்பாட்டுக் கரையிலிருந்து கிளம்பும் ஒரு ஃபைபர் படகில் நாங்கள் மாட்டிப் பார்த்தது கார்மின் ஸ்ட்ரைக்கர் 4. மூன்றரை அங்குலத் திரை, உள்ளேயே ஜிபிஎஸ், 77 மற்றும் 200 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சென்சார். 12 வோல்ட் பேட்டரி போதும். கருவி இழுக்கும் மின்சாரம் அரை ஆம்பியருக்கும் குறைவு. கடல் வரைபடம் இதில் கிடையாது. போன இடத்தைக் குறித்து வைக்கலாம், திரும்ப அதே இடத்துக்கு வரலாம், அவ்வளவுதான். சிறு படகுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, திரையில் ஓடும் மீன் பொம்மைகளை நிறுத்துவது. தண்ணீரில் மிதந்து போகும் பாசிக்கொத்து, குமிழித் திரள், அறுந்த வலைத்துண்டு என்று எது எதிரொலி கொடுத்தாலும் கருவி அதற்கு ஒரு மீன் உருவம் போட்டுவிடும். படகுக்கார அண்ணன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு மீன் கெடந்தா நான் ஏன் தம்பி கடன்ல இருக்கேன்?" என்றார். பொம்மையை அணைத்தால் அசல் எதிரொலி தெரியும். ஓடும் படகுக்கு அடியில் மீன் கடந்தால் வில் போல வளைந்த கோடு விழும். மீன் ஒலிக்கற்றைக்குள் நுழையும்போது தூரம் கூடுதல், நேர் கீழே வரும்போது குறைவு, விலகும்போது மறுபடி கூடுதல் என்பதால் அந்த வளைவு. நங்கூரம் போட்டு நிற்கும்போது அடியில் அசையாமல் கிடக்கும் மீன் நீளக் கோடாகத்தான் தெரியும். வில் வரவில்லையே என்று கருவியைத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

ஆனால் இந்த வில்லை நம்பி வலை போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. மீனிடமிருந்து வரும் எதிரொலியில் பெரும்பகுதி அதன் காற்றுப்பையிலிருந்து வருவது. நம் கடலில் விலை போகும் சீலாவுக்கு, அதாவது சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பதற்கு, காற்றுப்பையே கிடையாது. சூரையில் பல வகைகளுக்கும் இல்லை, சுறாவுக்கும் இல்லை. கூடை நிறையச் சாளை ஒரு மேகமாகத் திரையில் கொழுத்துத் தெரிய, பக்கத்தில் போகும் பெரிய சீலா மெலிந்த கீற்றாகத் தெரிந்தாலே அதிகம். களவாவுக்கும் விளமீனுக்கும் காற்றுப்பை இருக்கிறது. அவையோ பார் எனப்படும் கடலடிப் பாறையை ஒட்டிக் கிடப்பவை. தரையின் எதிரொலியோடு கலந்து மறைந்துவிடும். விற்பவர்கள் சொல்லாத செய்தி இது.

அப்படியானால் எதற்குக் காசு கொடுப்பது? தரைக்காக. மூன்று நான்கு நாழிகை கூட உட்கார்ந்து பார்த்தால் போதும், திரையில் தரை பேச ஆரம்பிக்கும். சேற்றுத் தரை மங்கலாக, ஓரம் கலைந்து தெரியும். பார் என்றால் கோடு திண்ணமாக இருக்கும். அதோடு இருமடங்கு ஆழத்தில் இரண்டாவது தரை ஒன்று நிழல்போல எழும். ஒலி கடினமான தரையில் மோதி மேலே வந்து, நீர்மட்டத்தில் பட்டு, மறுபடி கீழே போய் வருவதன் அடையாளம் அது. 15 மீட்டரில் தரை இருக்கும் இடத்தில் 30 மீட்டரிலும் ஒரு கோடு தெரிந்தால் கீழே பார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டோவில் விட்டால் சில நேரம் இந்த இரண்டாம் கோடு மறைந்துபோகிறது. எதிரொலியைப் பெருக்கும் கெயினைக் கையால் கொஞ்சம் கூட்டினால் திரும்ப வருகிறது.

மணப்பாட்டில் மேட்டின் மேல் நிற்கும் சிலுவைக் கோயிலையும் வேறு கரை அடையாளங்களையும் ஒன்றுக்கொன்று நேராகப் பிடித்துப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கலை இன்னும் சாகவில்லை. கரை மறையும் தூரத்திலும் மூடாக்கு நாளிலும் அந்தக் கணக்கு உதவாது. பாரின் விளிம்பை எதிரொலியில் பார்த்து, அங்கேயே ஒரு பொத்தானை அழுத்திக் குறித்துவிட்டால், அடுத்த முறை இருட்டிலும் அதன்மேல் நிற்கலாம். ஆழத்தை ஃபேதத்தில் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஏறத்தாழ அதே அளவான பாகக் கணக்கில் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்கிறார்கள். குறித்த இடங்கள் நிறைந்த கருவியை யாரும் பக்கத்துப் படகுக்கு இரவல் கொடுப்பதில்லை என்பதையும் கவனித்தேன். நியாயம்தான்.

இரண்டு அலைவரிசைகளில் எதை எப்போது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை ஏறத்தாழ 15 பாகை விரியும். 30 மீட்டர் ஆழத்தில் அது தரையில் 8 மீட்டர் அகல வட்டம். 77-இல் 45 பாகை; அதே ஆழத்தில் 25 மீட்டர். அகன்ற வட்டத்தில் நிறைய அகப்படும், ஆனால் பாரின் மேடும் குழியும் ஒன்றாகக் குழம்பும். கரையோரப் பார்களுக்கு 200 போதும். தரை சரிந்து இறங்கும் வெளிக்கடலுக்குப் போகிறவர்கள் இந்த 200 வாட் கருவியில் நிற்காமல், 600 வாட், 50/200 கிலோஹெர்ட்ஸ் வகைக்குப் போக வேண்டும். ஃபுருனோவின் எஃப்சிவி 628 அந்த வகை. விலை அதிகம், பேட்டரியும் பெரிதாக வேண்டும். தண்ணீரில் எறிந்து கைபேசியில் பார்க்கும் பந்து சோனார்கள் குளத்துக்கும் அணைக்கட்டுக்கும் சரி. அலையில் அவை ஆடும் ஆட்டத்தில் தரையே மலைத்தொடராகத் தெரியும்.

திரையை விட அதிகக் கவனம் கேட்பது சென்சார். நம் ஊர்ப் படகுகள் மணலில் இழுத்து ஏற்றப்படுபவை. பின்பலகையில் திருகி வைத்தால் முதல் வாரத்திலேயே உடைந்துவிடும். நாங்கள் செய்தது, ஒரு துருப்பிடிக்காத குழாயின் அடியில் சென்சாரைப் பூட்டி, படகின் விளிம்பில் கவ்வியால் பிடித்து, கரை சேரும் முன் தூக்கிவிடுவது. எஞ்சின் விசிறியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். குமிழி மேலே பட்டால் திரை முழுக்கப் பனி கொட்டியதுபோல் ஆகிவிடும். படகின் உள்ளே, அடித்தட்டில் எபாக்சி பூசி ஒட்டுவதும் உண்டு. அடித்தட்டு கெட்டி ஃபைபராக இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவே மரப்பலகையோ நுரையோ இருந்தால் ஒலி அதற்குள்ளேயே அடங்கிவிடும். கட்டியவரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

இன்னொன்று: போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் பார்த்தால் சில கோணங்களில் திரை முற்றிலும் கறுத்துவிடலாம். வாங்கும் முன் கடைக்கு வெளியே எடுத்து வந்து, கண்ணாடியோடு பாருங்கள்.

விளக்குக்கு வருவோம். வேலை செய்யாது என்பதல்ல என் புகார். நன்றாகவே வேலை செய்கிறது, சிக்கலே அதுதான். சிவப்பு ஒளி சில மீட்டருக்குள் செத்துவிடும். கலங்கிய கரையோர நீரில் பச்சையும், தெளிந்த ஆழ்கடலில் நீலமும் தூரம் போகும். வெளிச்சத்தில் முதலில் மிதவை உயிர்கள் கூடும், அவற்றைத் தின்னக் குஞ்சு மீன்கள், அவற்றைத் தேடிப் பெரியவை. வலைக்குள் வருவதோ எல்லாமும்தான், குஞ்சு உட்பட. 2017 நவம்பரில் ஒன்றிய அரசு, இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் எல்இடி உள்ளிட்ட செயற்கை ஒளி வைத்து மீன் பிடிப்பதைத் தடை செய்தது. கரையோர மாநிலங்களையும் தங்கள் கடல் எல்லைக்குள் அப்படியே செய்யச் சொன்னது. இணையக் கடையின் பொருள் விவரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் பெயர் தெரியாத ஒரு பச்சை விளக்கைக் கடலுக்குக் கொண்டுபோகாமல், ஒரு பண்ணைக்குட்டையில் இறக்கிப் பார்த்தேன். பெட்டியில் போட்டிருந்த வாட் கணக்குக்கும் அம்மீட்டர் காட்டியதற்கும் வெகுதூரம். ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் இருந்தது வெறும் பசை. கழற்றியபோது உள்ளே ஈரம் பூத்திருந்தது. நன்னீரிலேயே இந்தக் கதி என்றால் உப்பில் எத்தனை நாள்? ஒழுங்காகச் செய்த 100 வாட் விளக்கு என்றாலும் 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர் மணி பேட்டரியை ஆயுள் கெடாமல் பாதிவரை பயன்படுத்தினால் ஆறு மணி நேரம். அதற்குப் பிறகு சோனாருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் மிச்சம் இருக்காது.

விளக்குக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால் அதில் மூடியுள்ள பேட்டரிப் பெட்டி, தனி ஃப்யூஸ், தகரம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள். மிச்சமிருந்தால் ஒரு விஎச்எஃப் ரேடியோ செட். எந்தத் திசைக்குப் போவது என்பதற்கு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து வெளியிடும் மீன்வள இடக் குறிப்பு தமிழிலேயே வருகிறது, காசும் கிடையாது. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சோனாரைப் போட்டால் போதும்.