செல்வமும் நலவாழ்வும்: ஒரு கணிப்பின் திறனாய்வு

செல்வம் பெருகின் நோயும் சாவும் குறையும் என்பது எவரும் எளிதில் உடன்படும் கூற்று. லான்ற் பிறிச்செற், லோறன்ஸ் சமேர்ஸ் என்னும் பொருளியலாளர் இருவர், செல்வம் மிக்கோரே நலம் மிக்கோர் எனப் பொருள்படும் தலைப்பில் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, இக்கூற்றை எண்கணக்கால் நிறுவ முயன்றது. நாடொன்றின் வருமானம் நூற்றுக்குப் 10 உயரின், சிசு மரணம் நூற்றுக்கு 2 முதல் 4 வரை குறையும் என்பது அதன் முடிபு.

இத்தகைய கணிப்புக்கு நேரும் இடர், காரணியொன்று விடுபட்டுப் போதலாகும். தாய்மாரின் கல்வி வருமானத்தோடு கூடி வளர்வது. குழந்தையின் உயிரையுங் காப்பது. அதனைக் கணக்கிற் சேர்க்காதுவிடின், கல்வி செய்த நன்மையும் வருமானத்தின் பேரிலே வரவு வைக்கப்படும். வருமானத்தோடு கூடி வளர்ந்து உடலுக்குத் தீங்கு செய்யும் காரணி விடுபடினோ, வருமானத்தின் பயன் குறைத்து மதிக்கப்படும்.

ஆசிரியர் இருவரும் இதனை அறியாதவரல்லர். கல்வியைக் கணக்கிற் சேர்த்தனர். காலப்போக்கில் நேர்ந்த மாற்றங்களை மட்டும் ஒப்பிட்டு, நாடுகளிடையே நிலைத்து நிற்கும் வேற்றுமைகளை விலக்கினர். வருமானத்தின் வாயிலாக அன்றி நலவாழ்வைத் தாக்காதன எனக் கருதி, முதலீட்டு விகிதம் முதலியவற்றைத் துணைக்கருவியாகக் கொண்டனர். இம்முயற்சி பாராட்டற்பாலது. ஆயினும், ஆட்சி திருந்தும் நாட்டில் முதலீடும் பெருகும். மருத்துவ வசதியும் பெருகும். எனவே அக்கருவியே ஐயத்துக்கு இடமாகின்றது. காலத்தோடு மாறும் காரணிகளும் அவர்தம் ஒப்பீட்டில் முற்றாக விலகுவதில்லை.

இலங்கையின் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்து, 1947இல் ஏறக்குறைய 14 ஆயிற்று. ஓராண்டில் நேர்ந்த இவ்வீழ்ச்சிக்கு வருமானத்தைக் காரணங் காட்டல் அரிது. மலேரியா நுளம்பை அழித்த டீ.டீ.ரீ. மருந்தே இதனைச் செய்தது என்பர் சிலர். அவரும் முன்னையோரின் பிழைக்கே ஆளாவர். மலேரியா மிகாத பகுதிகளிலும் இறப்புக் குறைந்தது. பங்கீட்டு உணவும் மருத்துவ சேவையும் அக்காலத்தே பரவியிருந்தன.

செல்வம் பயனற்றது என்பது இதனாற் பெறப்படுவதன்று. அதன் பங்கு எவ்வளவு என்பதே வினா. செல்வம் வரும்வரை பள்ளியும் மருத்துவசாலையும் காத்திருக்கலாம் என்று வறிய நாட்டரசு ஒன்று இத்தகைய கணக்கைக் காட்டித் தீர்மானிக்குமாயின், அப்பிழையால் இழப்புறுவோர் அந்நாட்டுக் குழந்தைகளே.