இரண்டு கிலோ இறக்கினேன், எஸ்டீமுக்கு உயிர் வந்தது!

பாபநாசத்துக்கு மேலே மலை ஏறும் சாலை. வளைவுக்கு முன்னால் பிரேக், மூன்றிலிருந்து இரண்டாவது கியர், நடுவில் ஆக்ஸிலேட்டரில் ஒரே ஒரு தட்டு. எஞ்சின் விருட்டென்று எழுந்து நிற்கிறது. கிளட்சை விட்டால் துளி குலுக்கல் இல்லை, கியர் வெண்ணெயாய் விழுகிறது. என் பழைய 1298 சிசி எஸ்டீமா இது! வேகம்கூட வேண்டாம் ஐயா, நாற்பதில் போனாலே போதும். இந்த ஒரு தட்டுக்காகவே இன்னொரு வளைவு வராதா என்று மனசு ஏங்குகிறது.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலின் எடையைக் குறைக்கலாமா வேண்டாமா என்று ஒரு வருஷம் மண்டையைக் குடைந்தேன். பாளையங்கோட்டையில் எனக்கு வண்டி பார்க்கும் அண்ணாச்சிதான் தெளிய வைத்தார். "காருக்குறிச்சியில பானை வனையறதப் பாத்திருக்கியளா தம்பி? சக்கரம் கனமா இருந்தாத்தான், கம்பால சுத்திவிட்டுட்டு நிதானமா வனையலாம். லேசா இருந்தா சட்டுனு சுத்தும், சட்டுனு நிக்கவும் செய்யும். உங்களுக்கு எது வேணும்?"

இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்! நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைதான் வெடிப்பு. இடைவெளியை இழுத்துக்கொண்டு போவது ஃப்ளைவீலின் கனம். அந்தக் கனத்தையும் சேர்த்துச் சுழற்றித்தான் எஞ்சின் வேகமெடுக்க வேண்டும்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி, விளிம்பில் 2 கிலோ கடைந்தால், முதல் கியரில் (மொத்த விகிதம் 14, டயர் ஆரம் 28 செ.மீ. என்று வைத்தால்) வேகமெடுக்கையில் வண்டியிலிருந்து சுமார் 70 கிலோ இறங்கியதற்குச் சமம். ஒரு முழு ஆள்! மூன்றாவது கியரில் அது 10 கிலோ, ஐந்தாவதில் வெறும் 4. தென்காசி ரோட்டில் ஐந்தாவது கியரிலேயே போகிறவருக்கு இதனால் பைசா பிரயோஜனமில்லை. மலையும் வளைவும் பிடித்தவருக்கோ பொக்கிஷம்.

கிளட்ச் பிளேட் தேய்ந்து கியர்பாக்ஸை இறக்கவேண்டிய நாள் வந்தது. கூலி எப்படியும் ஒன்றுதான், சரி என்றேன். லேத்தில் பின்பக்க விளிம்பைக் கடைந்தபோது பக்கத்திலேயே நின்றேன். கறுப்புப் பொடி உதிர உதிர, உள்ளே வெள்ளி மாதிரி பளபளப்பு! கிளட்ச் உரசும் முகத்தின் கனத்தில் கை வைக்கவில்லை. பிரஷர் பிளேட்டையும் சேர்த்து மாட்டி பேலன்ஸ் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. வார்ப்பிரும்பை ஆசைக்குக் கடைந்தால் உச்சச் சுழற்சியில் வெடித்துச் சிதறும், காலே போய்விடும். இன்னும் லேசாக வேண்டுமானால் எஃகில் செய்த புது ஃப்ளைவீல்தான் வழி.

ஐடிலில் இப்போது லேசான நடுக்கம் உண்டு. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றத்தில், நெரிசலில் நின்று கிளம்பும்போது ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். ஒரு வாரத்தில் கால் தானே பழகிவிட்டது.

அடுத்த முறை கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கும்போது, பழைய ஃப்ளைவீலை அப்படியே திருப்பி மாட்டச் சொல்லாதீர்கள். நல்ல லேத்காரர் ஒருவரை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.